நான் போடாத ஓட்டு

என் தம்பி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு கூட்டம்தான் முதலில் வந்து நிற்கிறது.

பிள்ளைகளுக்கான நீச்சல் சங்கம் அது. தனியார் அமைப்பு, உழைக்கிறவர்கள் எல்லாரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். தண்ணீரைக் கண்டு அலறும் சின்னவர்களுக்குப் பதினொரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் சொல்லிக்கொடுத்தான் தம்பி. நான் செயலாளர். குளத்தோரம் ஒரு மேசை, ஈரம் பட்டுச் சுருண்ட காகிதங்கள், அதற்கு நடுவே நான்.

வருடத்துக்கு ஒருமுறை தன்னார்வலர்கள் படிவம் நிரப்ப வேண்டும். அவசரமென்றால் யாரை அழைப்பது, அவர் என்ன உறவு என்று அதில் இரண்டு கட்டங்கள். தம்பி முதல் கட்டத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் பெயரை எழுதுவான். இரண்டாவதைக் காலியாக விட்டுவிடுவான். ஒன்பது வருடமாக அந்த இரண்டு ஆண்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

அந்த வருடம் காப்பீட்டுக்காரர்கள், காலிக் கட்டமே இருக்கக்கூடாது என்றார்கள். நாற்பது படிவங்களில் ஏழில் காலிக் கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. தம்பியுடையது ‘வாழ்க்கைத் துணை’ என்று திரும்பி வந்தது. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மற்றப் படிவங்களோடு சேர்த்துத் தலைவரின் மேசைக்கு அனுப்பினேன்.

தலைவர் பல் டாக்டர். கெட்டவர் இல்லை. அந்த வாரமே கமிட்டியைக் கூட்டினார்.

“அவர் தப்பா நடந்துக்கிட்டார்னு யாரும் சொல்லலை. ஆனா பெத்தவங்க நம்மளை நம்பித்தான் பிள்ளைங்களை அனுப்பறாங்க. யாரை வெச்சுக்கறதுங்கறது நம்ம சங்கத்தோட உரிமை.”

“பதினொரு வருஷமும் அவர் இதே ஆள்தானே டாக்டர்?” என்றாள் கண்ணாடிக் கடைக்காரம்மா. “என் பொண்ணு குளிக்கக்கூட அழுவா. இப்ப தண்ணியை விட்டு வெளிய வர அழறா.”

“அப்ப நமக்குத் தெரியாதே.”

“உங்க வீட்டு விஷயமெல்லாம் விசாரிச்சுட்டா நாங்க வாயைத் திறந்து பல்லைக் காட்டினோம்?”

இரண்டு பேர் சிரித்தார்கள். ரயில்வேக்காரர் சிரிக்கவில்லை. “சிரிப்பு இருக்கட்டும்மா. எனக்கு மனசு ஒப்பலை, அவ்வளவுதான். காரணம் கேட்டா சொல்லத் தெரியலை.”

உறுப்பினர்கள் ஆறு பேரும் கை தூக்கினார்கள். இருக்கட்டும் என்று மூன்று, வேண்டாம் என்று மூன்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் அவனோட அக்கா. நான் ஓட்டுப் போடறது முறையில்லை,” என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சமமாக வந்தால் தலைவர் சொல்வதே முடிவு. அந்த விதியை எழுதி வைத்தவளே நான்.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். மெக்கானிக் கதவைத் திறந்தார். தம்பி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, பாஸா ஃபெயிலா?”

“மூணுக்கு மூணு. டாக்டர் வேணாம்னுட்டார்.”

ஈரக் கையாலேயே விரல்விட்டு எண்ணினான். “அப்போ நீ?”

“நான் போடலைடா. சொந்தக்காரங்க போடக்கூடாதுல்ல?”

“அப்படி விதி இருக்கா?”

“இல்லை.”

மெக்கானிக் எங்களைத் தாண்டிப் போய்க் குழாயை மூடினார். தம்பி கையைத் துடைத்துக்கொண்டான். “சரி. அந்த ரெட்டைப் பின்னல்காரியை மல்லாக்க மிதக்க விடச் சொல்லு. முகத்துல தண்ணி பட்டா மிரண்டுடுவா.”

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அடுத்த சனிக்கிழமையும் அவன்தான் என்னைக் கொண்டுவந்து சங்கத்து வாசலில் விட்டான். அதற்கடுத்த வாரமும். வகுப்பு முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருப்பான். விசில் சத்தம் அங்கே வரை கேட்கும், கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பான். நுரையீரல் நோய் அவனைப் படுக்கையில் தள்ளும்வரை இரண்டு வருடம் இப்படி.

“வேணாம்டா, நான் பஸ்ல போய்க்கறேன்,” என்று ஒரு தடவை சொன்னேன்.

“ஏறுக்கா, நேரமாச்சு,” என்றான்.

இந்தச் செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஏறிக்கொண்டேன்.