எதிர்க்கடைக்கு முதலீடு

என் புருஷன் அமலன் செத்து முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, கொழுந்தன் ஆண்டனிராஜ் கடைச்சாவியைப் பிடுங்கிக்கொண்டான். பழனி ரோட்டில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை. கட்டடம் மாமனார் பேரில் இருந்ததாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே பாத்திரம் விளக்கிக் கணக்கும் பார்த்தவள் நான். ஒரு பழைய தையல் மெஷினைக் கொடுத்து, பிழைத்துக்கொள்ளச் சொன்னான். அவன் கடைக்கு எதிரிலேயே கடை போடாவிட்டால் நான் செபஸ்தியான் மகள் டெய்சி இல்லை.

எதிரில் ஒரு கடை காலியாக இருந்தது. அட்வான்ஸ் ஐம்பதாயிரம். அதற்கும் நாற்காலிகளுக்கும் மகளிர் குழுக் கடன் போதும். அடுப்புகளுக்குக் கம்மலை விற்றேன். பாத்திரத்தில்தான் இடித்தது. அண்டாவும் கொப்பரையும் புதிதாக வாங்க இரண்டு லட்சத்துக்கு எங்கே போவேன்?

ஆனால் அவன் கடையின் பெரிய பாத்திரமெல்லாம் அப்பா எனக்குப் போட்ட சீர். எல்லாவற்றிலும் என் பேர் வெட்டியிருக்கும். வாடகைப் பாத்திரம் மாறிப்போகாமலிருக்க எந்தப் பேராவது இருந்தால் போதுமென்று, அழிக்கக் கூலி கொடுக்க மனசில்லாமல் அந்தக் கஞ்சன் அப்படியே விட்டிருந்தான். தனியாகப் போய்க் கேட்டால் கதவைச் சாத்துவான். காத்திருந்தேன்.

எங்கள் சர்ச்சில் பங்குத் திருவிழா வந்தது. எல்லாருக்கும் பந்தி போடும் அசனச் சாப்பாட்டுக்குப் பாத்திரமெல்லாம் தன் உபயம் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தான். ஊரே சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த நேரத்தில் ஒரு குட்டி லாரியோடு போய் இறங்கினேன். பங்குச்சாமியைக் கூப்பிட்டு, அண்டாவில் உள்ள பேரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

"எங்கப்பா எனக்குப் போட்ட சீரு சாமி. தாலியறுத்தவ சீரை வச்சுக்கிட்டுத்தான் இவரு அம்புட்டுத் தர்மமும் பண்றாரு."

பந்தி பரிமாறிய பெண்கள் அவனைப் பார்த்த பார்வையிலேயே அவன் பாதி செத்தான். இல்லையென்று சொன்னால் இந்தச் சபையில் எந்தக் கல்யாண வீடு அவனைத் தேடி வரும்? ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினோம். கொப்பரை கனத்தது.

"தம்பி, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க," என்றேன்.

பிடித்தான். என் மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அன்றைக்குச் சமைத்த வத்தலக்குண்டு நைனா முகமது அவனுடைய நிரந்தர வாடிக்கை. கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, வருகிற மாதம் மூன்று கல்யாணம் இருப்பதாகச் சொல்லி வாடகை விசாரித்தார்.

"தம்பி கடையை மூடுற வரைக்கும் எங்கிட்ட பாதி வாடகைதான் பாய்," என்றேன்.

கொப்பரையின் மறுபக்கம் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.