களவா மீனுக்குப் பின்னால் ஒரு வரிசை

"கடலுக்கு அடியில ஒரு சலூன் இருக்குதுப்பா. மீனெல்லாம் வரிசையில நின்னு உடம்பச் சுத்தம் பண்ணிக்கினு போவுது. நானும் நின்னேன். என் முறை வந்துச்சு. எனக்கும் பண்ணிவுட்டுச்சு."

மே மாதத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணிக்கு, ஓசூர் ராமநாயக்கன் ஏரிக்கரையில் தீர்த்தகிரி இதைச் சொன்னார். கூட நடந்த பதினொரு பேரும் அவரோடு ஒரே தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள். அதில் பத்துப் பேர் சிரித்த சிரிப்பில், அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் ரெண்டு லாரி பிரேக் போட்டு நின்றதாகக் கேள்வி.

மீதி ஒருவர் கங்கப்பன். முப்பத்து நாலு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். சிரிப்பது அவர் பழக்கமில்லை, தள்ளுவதுதான் பழக்கம். முடியில் பத்தில் ஒரு பங்கு அளவு கூடியிருந்தாலும் உருப்படியை ரிஜெக்ட் கூடையில் போட்டுவிட்டுத்தான் டீ குடிப்பார்.

"போட்டோ?" என்றார் கங்கப்பன்.

தீர்த்தகிரி போனை நீட்டினார். மகள் சரிதா பெங்களூரு ஆபீஸ் ஆட்களோடு கர்நாடகக் கடற்கரை முருடேஸ்வரம் போனபோது அப்பாவையும் கூட்டிப் போயிருந்தாள். பக்கத்துத் தீவில் அரைமணி நேரம் கையைப் பிடித்துக் கடலுக்குள் இறக்கிக் காட்டுவார்கள். சரிதா படகிலேயே வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாள், அப்பா மட்டும் இறங்கினார். படத்தில் ஏகப்பட்ட குமிழி, நடுவில் ரப்பர் உடுப்புக்குள் பிதுங்கிய தீர்த்தகிரியின் பின்பக்கம், மூலையில் ஒரு மீன்.

"ஒத்த மீனு. அதுவும் உன்னப் பாத்துட்டு எதிர்ப்பக்கம் ஓடுது. இதான் வரிசையா?"

தீர்த்தகிரியின் சரித்திரம் அப்படி. குந்தாரப்பள்ளி சந்தையில் தன்னை முட்டிய காளை மறு வாரம் வந்து மன்னிப்புக் கேட்டது என்றவர். ராயக்கோட்டை மலையை ஒற்றைக் காலில் ஏறி, மற்றக் காலுக்கு ஓய்வு கொடுத்ததாகச் சொன்னவர். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நிஜத்தைச் சொல்கிறார், வாங்க ஆளில்லை. வீட்டில் மனைவி சரோஜம்மாள்கூட, "பால் வாங்க வரிசையில நில்லுன்னா கால் வலிக்குதும்பாரு. மீனுக்குப் பின்னாடி மட்டும் நின்னாராம்" என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் கங்கப்பன் தீர்ப்பு சொன்னார். "நானும் எறங்கிப் பாக்கிறேன். இருந்துச்சுன்னா இந்தப் பத்துப் பேர் முன்னாடி ஒத்துக்கிறேன். இல்லன்னா, இந்த ஏரிக்கரையில இனிமே நீ வாயே தொறக்கக் கூடாது. நடக்கலாம், பேசக் கூடாது."

மூச்சை நிறுத்தச் சொல்லியிருந்தால் தீர்த்தகிரி கொஞ்சம் யோசித்து ஒத்துக்கொண்டிருப்பார். ஆனாலும் பத்துப் பேர் பார்க்கிறார்களே. "சரிடா" என்றார்.

மழைக்காலத்தில் அந்தத் தீவுக்குப் படகு கிடையாது. அந்த மாதங்களில் எல்லை தாண்டி பெங்களூருப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சிலிண்டர் கட்டி முக்குளிக்க முறையாகக் கற்றுக்கொண்டார்கள். ரெண்டு பேர் நெஞ்சிலும் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து, வயதை மூன்று தடவை கேட்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பயிற்சியாளர் அசோக்குமார் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் பொறுமைசாலி. மத்தூர் கிணறுகளில் குதித்து வளர்ந்த கங்கப்பன், சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குளத்தின் அடியில் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்தார். தீர்த்தகிரிக்குத்தான் தொல்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் மாஸ்க்குக்குள் தண்ணீர்.

"சார், சிரிக்காதீங்க," என்றார் அசோக்குமார். "சிரிச்சா கன்னம் மடியுது, அந்தச் சந்துல தண்ணி பூருது."

"சிரிக்காம எப்பிடிப்பா? உள்ள போனாலே சந்தோஷமா இருக்குது!"

"அப்போ மூக்கால ஊதி வெளிய தள்ளுங்க."

ஆக, தீர்த்தகிரி சிரித்துக்கொண்டே ஊதக் கற்றார். உலகத்திலேயே ஒரே பாடத்தை இருநூறு தடவை செய்து தேறியவர் அவராகத்தான் இருப்பார்.

டிசம்பரில் முருடேஸ்வரத்துக்கு ரயில் ஏறினார்கள். வண்டியில் கங்கப்பன் கேட்டார்: "உண்மையில எத்தினி மீனுடா நின்னுச்சு? மே மாசம் அஞ்சுன்னே. ஆடியில பன்னெண்டாச்சு. ஆயுத பூஜைக்கு நாப்பதாச்சு."

தீர்த்தகிரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏறி ஏறிப் போன அந்தக் கணக்கில் முதல் கணக்கு எது? சொல்லிச் சொல்லியே வரிசையைத் தானே கட்டிவிட்டோமோ? அன்றிரவு மேல் படுக்கையில் அவருக்குத் தூக்கமே இல்லை.

ரெண்டு நாளில் நாலு தடவை கடலில் இறங்க வேண்டும், அப்போதுதான் தேர்ச்சி. முதல் தடவை, கட்டில் அகலத்துக்கு ஒரு கடலாமை சாவகாசமாகக் கடந்து போனது. மேலே வந்ததும் படகே ஆர்ப்பரித்தது. கங்கப்பன் சொன்னார்: "ஆமை ஓகே. வரிசை இல்ல." ரெண்டாம் தடவை மஞ்சள் மீன் கூட்டம், ஆயிரம் பேர் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டுகிற மாதிரி. "கூட்டம் ஓகே. வரிசை இல்ல." மூன்றாம் தடவை கலங்கல் தண்ணீர்தான். தீர்த்தகிரி படகு ஓரத்தில் உட்கார்ந்து பேச்சில்லாமல் பிஸ்கட் தின்றார். வாயை மூடிக்கொண்டு நடக்கப்போகிற காலைகளுக்கு அது ஒத்திகை மாதிரி இருந்தது.

கடைசித் தடவை. தென்னை மர ஆழம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. தீவின் பாறைச் சுவரை ஒட்டிப் போனபோது தீர்த்தகிரிக்கு ஒரு வளைவு தெரிந்த முகமாகப் பட்டது. திரும்பினார்.

ஒரு பெரிய களவா மீன், வாயைப் பிளந்து, பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் மிதந்தது. விரல் நீளம்கூட இல்லாத ரெண்டு நீல மீன்கள், உடம்பில் ஒரு கறுப்புக் கோடு, அந்த வாய்க்குள் புகுந்து, கொத்திக் கொத்திச் சுத்தம் செய்து, செவுள் வழியாக வெளியே வந்தன. களவாவுக்குப் பின்னால் மற்ற மீன்கள். ஒன்று தலையைச் சாய்த்து, ஒன்று வால் மேலாக, ஒன்றன்பின் ஒன்றாக, தங்கள் முறைக்கு!

தீர்த்தகிரி கடைசி மீனுக்குப் பின்னால் போய், கைகளைக் கட்டிக்கொண்டு மிதந்தார். திரும்பிப் பார்த்தார். கங்கப்பன் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு மெல்ல வந்து தீர்த்தகிரிக்குப் பின்னால் நின்றார். அந்த நேரம் பார்த்து, ஒரு பச்சைக் கிளிமீன் பக்கவாட்டில் நுழையப் பார்த்தது. கேன்டீனில் தட்டோடு குறுக்கே புகுந்தவனை முப்பத்து நாலு வருஷம் தடுத்த கை, தானாகவே குறுக்கே நீண்டது. கிளிமீன் பின்வாங்கி வரிசையின் வாலுக்குப் போனது. நம்பாதவர்கள் அந்த மீனையே கேட்டுக்கொள்ளலாம்.

முறை வந்தது. நீலக் குட்டி தீர்த்தகிரியின் விரல்களை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, கங்கப்பனின் கட்டைவிரலுக்கு வந்தது. நகக்கண்ணில் உரிந்து நின்ற தோலைப் பிடித்து, சுருக்கென்று இழுத்துத் தின்றது. தீர்த்தகிரி நண்பரின் முகத்தைப் பார்த்தார். கங்கப்பனின் மாஸ்க்குக்குள் மூக்கு வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது.

ஆனால் படகில் ஏறியும் மனுஷன் வாய் திறக்கவில்லை. ரயிலிலும் இல்லை. "ஏதாச்சும் சொல்லுடா" என்று பெங்களூரு வரைக்கும் கெஞ்சினார் தீர்த்தகிரி.

"சொல்ற எடத்துல சொல்றேன்."

மறுநாள் காலை ஏரிக்கரையில் பத்துப் பேரும் வட்டம் கட்டினார்கள். "இன்னா கங்கப்பா, சலூன் தொறந்திருந்துச்சா?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். தீர்த்தகிரி பயத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கங்கப்பன் தொண்டையைச் செருமினார். கட்டைவிரலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார்.

"இவன் மே மாசம் சொன்ன அஞ்சு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. நான் ரெண்டு தடவ எண்ணினேன், ஏழு. எட்டாவதா இவன். ஒம்பதாவதா நான். எனக்கும் பண்ணிவுட்டுச்சுப்பா. நடந்தது நெசந்தான்."