உளுந்தில் ஏறிய வண்டி

1

இந்தக் கதையில் மூன்றே வாக்கியங்கள்தான் நான் காதால் கேட்டவை. மற்றதெல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். காவிரிக்கரைக் குத்தாலம் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டும் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே பங்குனி வெயில். சாலையில் உளுந்தஞ்செடி பரப்பியிருந்ததால் பஸ் ஊர்ந்தது.

(வெளியூர்க்காரர்களுக்காக: நெல் அறுத்த வயலில் நாங்கள் உளுந்து விதைப்போம். பறித்த செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். கூலி கிடையாது. டிரைவர்களின் வசவு மட்டும் உண்டு.)

புளியமரத்தடியில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் பளபளப்பான பக்கவாட்டு மூடிகளில் ஒன்று பாதி கழன்று தொங்கியது. ஓர் அக்கா, ஒரு ஆண், ஒரு ஆடு. அந்த அக்கா ஆட்டைப் பார்த்துச் சொன்னார்: "பிடுங்கி இழுக்க வேணாம்னு சொல்லு. ஒடைஞ்சா இந்த ஊர்ல கெடைக்காது."

அந்த ஆணும் ஆட்டிடமே சொன்னான்: "தெரியும்னு சொல்லு."

பஸ் நகர்ந்துவிட்டது. பனி நாட்டில் நான் விட்ட இடம் பிறகு கிடைக்கவே இல்லை.

2

முதல் தொடக்கம்: காவிரி வறண்டு கிடந்தது. அதைப் போலவே அந்த இரு உள்ளங்களும்

வேண்டாம். ஆற்றை இப்படி வேலை வாங்கக் கூடாது.

இரண்டாவது: அந்நியன் ஒருவன் வெகு தூரத்திலிருந்து வந்தான். அவன் மேலங்கியின் மடிப்புகளில்

பங்குனியில் மேலங்கியா? வாசித்த புத்தகங்கள் செய்கிற வேலை இது. அவன் அந்நியனும் அல்ல.

மூன்றாவதில் வெறும் விவரம் மட்டும். அந்த அக்காவின் பெயர் அம்சவல்லி என்று வைத்துக்கொள்கிறேன். அவன் அவள் தம்பி இராஜாங்கம், சென்னையில் வேலை. அப்பா சாமிதுரை ஒரு காலத்தில் பண்ணையாள். நில உச்சவரம்புச் சட்டத்தில் பிரித்துக் கொடுத்த நிலத்தில் ஒரு துண்டு அவருக்குக் கிடைத்தது. பட்டா வாங்கிய அன்று வரப்பிலேயே படுத்துத் தூங்கினாராம். அவர் போன பிறகு தலைமடைப் பாதி தம்பிக்கு, கடைமடைப் பாதி அக்காவுக்கு. வாய்க்கால் தண்ணீர் அவன் வயலைத் தாண்டித்தான் அவள் வயலுக்கு வர வேண்டும்.

இப்போது ஒரு கம்பெனியின் எண்ணெய்க் குழாய் அந்தத் தலைமடை வழியாகப் போக இருக்கிறது. அதை எதிர்த்து ஊர் முழுக்கப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவை. சுவர்களில் சூரியனும் இரட்டை இலையும் மாறி மாறி வந்தன. இரண்டு கட்சிக்காரர்களும் பந்தலுக்கு வந்து சோடா குடித்துவிட்டுப் போனார்கள். இராஜாங்கம் பொங்கலன்று, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போனிலேயே அதிகாரியிடம் "எனக்கு ஆட்சேபணை இல்ல சார்" என்று சொல்லிவிட்டான். அன்றோடு அக்கா தம்பிக்குள் பேச்சு நின்றது. நாளைக் காலை தாலுகா ஆபீஸில் அதையே நேரில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறான். அம்சவல்லிக்கு அது தெரியும். அவன் சரி என்று சொன்னால் குழாய் வாய்க்காலை அறுத்துவிடும், அவள் வயலுக்குத் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

3

தன் உளுந்துக்குக் காவலாக அவள் சாலையோரம் நின்றபோது தூரத்தில் அந்த வண்டி தெரிந்தது. முன்னால், இரண்டு பக்கம், கீழே வயிற்றுப்புறம் என்று எங்கும் பேனல் போட்டு மூடிய வண்டி. நெடுந்தூரம் போகவென்றே செய்தது. ஒதுங்கிப் போக ஒரு பக்கம் இடம் விட்டிருந்தாள். அவன் ஒதுங்கவில்லை. செடி மேலேயே ஏற்றினான்.

(இந்த இடத்தில்தான் இவனைச் சந்தேகப்பட்டேன். வயலை விட்டுக்கொடுக்க வருகிறவன் விளையாடுவானா? பிறகு ஒரு சைக்கிளைக் கண்டுபிடித்தேன். அப்பாவின் சைக்கிள். குரங்குப் பெடல் போட்டபடி இவன். பின்னால் கேரியரில் அக்கா. உளுந்து மேல் ஏறினால் நெற்று வெடிக்கிற சத்தம், பொரி கடிக்கிறாற்போல. "இன்னொரு தடவடா, இன்னொரு தடவ!" அவள் முதுகில் தட்டத் தட்ட அவன் திரும்பத் திரும்ப ஏற்றுவான். அந்தச் சத்தத்துக்காகத்தான் இன்றும் ஏற்றினான். அதனால்தான் இவனை என்னால் வெறுக்க முடியவில்லை.)

சைக்கிளுக்கு வயிற்றில் பேனல் கிடையாது. இந்த வண்டிக்கு உண்டு. காய்ந்த செடி கொத்துக் கொத்தாக அதற்குள் புகுந்து சூடான சைலன்சர் குழாயைச் சுற்றிக்கொண்டது. முதலில் பருப்பு வறுக்கும் வாசனை வந்தது, பிறகு புகை.

அம்சவல்லி குடத்தோடு ஓடிவந்து ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. புகை அடங்கியதும் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டைப் பார்த்தாள்.

"கறுப்பி, ஏரோப்ளேன்ல வந்தவுங்களுக்குக் கண்ணு தெரியலையான்னு கேளு."

"ரோட்ட மறிச்சு வைக்கப்போர் மாதிரி கொட்டி வச்சது யாருன்னு கேளு, கறுப்பி."

"வயலத்தான் குடுத்தாச்சு. ரோட்டையும் சேத்துக் குடுத்தாச்சான்னு கேளு."

அதற்கு அவன் ஆட்டைக்கூடப் பார்க்காமல் வண்டியைப் புளியமரத்தடிக்குத் தள்ளினான்.

4

இங்கே மீரா உசேன் என்று ஒருவரைக் கொண்டுவந்தேன். டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "என்ன தம்பி, வண்டிக்கே தாளிச்சுட்டீங்களா?" என்று சிரித்து, போல்ட் கழற்றுகிற ஆலன் கீ செட்டை நீட்டினார். நல்ல மனிதர். ஆனால் அவர் நின்றால் இருவரும் அவர் மூலமாகப் பேசிக்கொள்வார்கள். ஆடு சும்மா நிற்கும். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன். ஆலன் கீயை மட்டும் வைத்துக்கொண்டேன்.

5

இராஜாங்கம் கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கழற்றினான். முதலில் சீட். அடுத்தது, நடுவை அமுக்கினால் தளர்கிற பிளாஸ்டிக் பட்டன்கள். அப்புறம் கறுப்பு போல்ட்டுகள். எல்லாம் எடுத்த பிறகும் பேனல் வரவில்லை. முன்பக்கம் அதன் நாக்கு ஒரு பள்ளத்துக்குள் செருகியிருந்தது. உள்ளே இன்டிகேட்டர் ஒயர் வேறு. ஒரு கையால் பேனலைத் தாங்கி, மறு கையால் ஒயரைப் பிடுங்கி, மூன்றாவது கையால் நாக்கை நகர்த்த வேண்டும்.

"யாராச்சும் புடிச்சா நல்லாருக்கும்," என்றான் ஆட்டிடம்.

ஆடு உளுந்தைத் தின்றுகொண்டிருந்தது. அம்சவல்லி வந்து பேனலைப் பிடித்தாள். "அதுக்குக் கையில்ல. அதான் வந்தேன்," என்றாள், வண்டியிடம்.

(அப்போதுதான் என் பஸ் கடந்தது.)

மறுபக்கமும் வயிற்றுப்புறமும் அப்படியே வந்தன. உள்ளே ஒரு பெரிய பறவைக் கூடு போல உளுந்தஞ்செடி. அவன் பிய்த்துப் பிய்த்துப் போட, அவள் கருகாத நெற்றுகளை மடியில் சேர்த்தாள். வேலை முடிந்து திரும்பிப் பார்த்தபோதுதான் அவன் செய்த காரியம் தெரிந்தது: கழற்றிய போல்ட்டுகளையெல்லாம் உதிர்ந்த உளுந்துக்குள்ளேயே போட்டு வைத்திருந்தான். கறுப்புக்குள் கறுப்பு.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். முறத்தை எடுத்து வாரிப் புடைத்தாள். உளுந்து துள்ளியது, போல்ட் துள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். ஒன்றில் மண் இருந்தது, ஊதிக் கொடுத்தாள்.

6

மாட்டுவது இன்னும் கஷ்டம். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி திருகிவிட்டு, எல்லாம் பிடித்த பிறகே முறுக்க வேண்டும் என்று வீடியோ சொன்னது. இராஜாங்கத்துக்குப் பொறுமை இல்லை. முதல் போல்ட்டையே இறுக்கினான். பேனல் முனகியது.

"டேய், நிறுத்துடா! நாக்கு இன்னும் உள்ள போவல!"

"எந்தப் பக்கம்க்கா?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. கறுப்பி நிமிர்ந்து பார்த்தது. தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி தின்னப் போனது.

"முன்பக்கம்டா. இப்படித் தூக்கு. ம்... போயிடுச்சு."

[இங்கேயே முடித்துவிடு என்று கை சொல்கிறது. இனிப்பாக இருக்கிறது. ஆனால் நாளைக் காலை தாலுகா ஆபீஸ் திறக்கும். வயல் அங்கேயேதான் கிடக்கிறது.]

7

முடிவு அ: மறுநாள் இருவரும் அதே வண்டியில் போய் ஒரே குரலில் "முடியாது" என்கிறார்கள். பந்தலில் கைதட்டல். என் ஆசைதான் இது. ஆசையைச் சுவரொட்டியாக ஒட்டலாம், கதையாக எழுத முடியவில்லை.

முடிவு ஆ: அவன் சரி என்று சொல்லிவிட்டு வருகிறான். குறுவைக்குத் தண்ணீர் வருகிற நாளில் அம்சவல்லி கடைமடையில் நின்று

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆகவே நான் விட்ட இடத்திலேயே நிற்கிறேன். வயிற்றுப்புறம் மாட்டியாயிற்று. இடது பக்கம் மாட்டியாயிற்று. வலது பேனல் மட்டும் அம்சவல்லி கையில். இராஜாங்கம் ஆலன் கீயைப் பிடித்தபடி கையை நீட்டினான்.

"குடுக்கா."

அவள் கொடுக்கவில்லை. பேனலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால், மர நிழலுக்கு வெளியே போனாள்.

"நாளைக்கு அங்க போயி என்னா சொல்லப் போற?"

"அக்கா..."

"ஆட்டுக்கிட்ட சொல்லாத. எங்கிட்ட சொல்லு. சொல்லிட்டு வாங்கிக்க. எதுவா இருந்தாலும் குடுத்துர்றேன்."

அவன் முகமெல்லாம் உளுந்துத் தூசி. அந்த மாத வண்டித் தவணையும், சென்னை வாடகையும், வரப்பில் தூங்கிய அப்பாவும், பொரி கடிக்கிறாற்போல அந்தச் சத்தமும் ஒன்றாக அவனுக்கு நினைவு வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அவன் வாயைத் திறந்தான்.

அவன் சொன்னது எனக்குத் தெரியாது. எனக்கு அங்கே வயல் கிடையாது. அதனால் அவன் வாயில் வார்த்தை வைக்கிற உரிமையும் இல்லையோ என்று தோன்றுகிறது. உங்களுக்கு இருக்கலாம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"........................................"

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். பேனல் கனமில்லைதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அவள் ரொம்ப நேரமாக வெயிலில் நிற்கிறாள்.