பார்த்து எடுத்த மீன்

கலீலுர் றஹ்மான் பேசத் தொடங்கினால் ஆட்கள் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். சோமசேகரம் பேசினால் பீடி பற்றவைப்பார்கள். இருவரும் திருகோணமலையில் மீன் ஆராய்ச்சி நிலையமொன்றில், ஒரே அறையில் எதிரெதிர் மேசை. படிப்பும் ஒன்று, பதவியும் ஒன்று.

சோமசேகரத்தின் வயிறு எரிய அது மட்டும் காரணமில்லை. மனைவி கமலாதேவி உயிரோடு இருந்தபோது, மாதர் சங்கக் கூட்டமொன்றில் றஹ்மான் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, "இண்டைக்குத்தான் நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு எனக்கு விளங்கினது," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அடுத்த மாரியில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பேசியதில் இந்த ஒரு வசனம்தான் அவனிடம் தெளிவாகத் தங்கியது.

இப்போது வெளிநாட்டுப் படிப்புக்கு ஓர் இடம் வந்திருந்தது. அவள் இல்லாத வீட்டைவிட்டு வெளியேற அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அதே இடத்தை றஹ்மானும் கேட்டிருந்தான்.

மூதூர்க் கரைவலையில் விழும் சூடை மீன் வருடத்துக்கு வருடம் சிறுத்து வருகிறது என்றது சோமசேகரத்தின் ஆராய்ச்சி. இல்லை என்றது றஹ்மானின் ஆராய்ச்சி. ஒரே கரை, ஒரே வலை. ஒரு கிழமை இவன் போய் ஒரு கூடை மீன் எடுத்து வந்து அளப்பான். மறு கிழமை அவன். யார் சரி என்று பார்க்கக் கொழும்பிலிருந்து பணிப்பாளர் இரத்தினசிங்கம் வந்தார். சரியானவருக்கே படிப்பு என்பது சொல்லாமலே விளங்கியது.

மூவரும் லோஞ்ச் படகில் மூதூருக்குப் போனார்கள். கரையோரத்து ஓலைக் கொட்டிலான கரைவலை வாடியில் மீனவர்கள் கூடியிருந்தார்கள். சோமசேகரம் முதலில் எழுந்தான். "மாதிரிகளின் சராசரி நீளம்..." என்று தொடங்கியதுமே ஒருவர் கொட்டாவி விட்டார்.

"சேர், இதக் கொழும்பு ஐயாக்குச் சொல்லுங்க. எங்களுக்குத் தம்பி சொல்லட்டும்," என்றார் வலைக்காரர் அன்ஸார்.

றஹ்மான் எழுந்து, அன்ஸாரை அண்ணன் முறை சொல்லி அழைத்தான். "காக்கா, மகனுக்குப் போன பெருநாளைக்குத் தைச்ச சட்டை இப்ப அளவா?"

"எங்க. கை முழங்கைக்கு வந்திட்டு."

"போன வருஷத்து மீனுக்குத் தைச்ச சட்டைய நான் இந்த வருஷத்து மீனுக்குப் போட்டுப் பாக்கிறன். அளவாத்தான் இரிக்கு. தொளதொளத்தாத்தான் நாம பயப்படணும்."

வாடி சிரித்தது. பணிப்பாளரும் சிரித்தார். அந்தச் சட்டை தன் வாயில் ஏன் வரவில்லை என்று சோமசேகரத்துக்கு நெஞ்சு புகைந்தது.

தம்பியை இன்னும் உயர்த்திச் சொல்ல அன்ஸாருக்கு ஆசை. "ஐயா, இவர் எங்கட வீட்டுப் புள்ள. வந்தா தேத்தண்ணி குடுத்து வாடிக்குள்ள இருத்திப்போட்டு, கூடைய நாங்களே நிரப்புவம். நல்ல பெரிய மீனாப் பாத்துப் பொறுக்கித்தான். பொடி மீன அவர்ர கையில குடுக்கிறது மரியாதையா?"

"சோமசேகரத்துக்கு?" என்று கேட்டார் பணிப்பாளர்.

"இந்தச் சேர் தேத்தண்ணியும் குடிக்கமாட்டார், கதைக்கவும் மாட்டார். குவியலில கிடக்கிறத அப்பிடியே அள்ளிக் கொட்டி அனுப்பிருவம்."

"உர்ரெண்டு நிப்பார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

றஹ்மான் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளிறிவிட்டது. பணிப்பாளர் சோமசேகரத்தைப் பார்த்தார். "எனக்கு விளங்கீட்டுது. இவையளுக்கு நீர் சொல்லும்."

வழக்கமான சொற்கள்தான் முதலில் நாக்குக்கு வந்தன. விழுங்கினான்.

"கடலில என்ன கிடக்கெண்டு அறிய, கண்ணை மூடிக்கொண்டு அள்ளவேணும். றஹ்மானில உங்களுக்கு விருப்பம், பாத்து எடுத்தீங்கள். என்னில விருப்பமில்லை, பாராமல் அள்ளினீங்கள். அதால என்ர கூடைதான் சரி. மீன் சிறுக்குது."

ஒருவரும் கொட்டாவி விடவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அன்ஸார் தலையைச் சொறிந்தார். "அப்ப எங்கட மரியாதையாலதான் தம்பிக்குக் கேடா?"

"ஓம்," என்றான் சோமசேகரம்.

இறங்குதுறைக்கு நடக்கும்போது, "பாஸ்போட்டுக்கு எழுதிப் போடும்," என்றார் பணிப்பாளர் சோமசேகரத்திடம். சாப்பிட்டுப் போகும்படி மீனவர்கள் அவரைக் கேட்டிருந்தார்கள். கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று மறுத்துவிட்டார். றஹ்மானை அவர்கள் விடவேயில்லை. லோஞ்ச் கரையை விட்டபோது அன்ஸாரின் கை அவன் தோளில் கிடந்தது. யாரோ எதையோ சொல்ல, அவன் மெல்லச் சிரித்தான்.

சோமசேகரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஒருவரும் சாப்பிடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பான்.