கால்சைன் சொல்லாமல் பேசக் கூடாது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது ஊரூர் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று கன்ட்ரோல் நாற்காலியை எனக்கு யாரும் பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை. கேட்டேன், சண்டை போட்டேன், வாங்கினேன்.

நாங்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். செல்போன் கோபுரத்தை நம்பாமல் சொந்த செட்டில் பேசுகிறவர்கள். பெசன்ட் நகர் மாதா கோவில் கொடியேற்றத்தன்று கூட்டத்தில் ஒரு போனிலும் சிக்னல் நிற்காது. அப்போது எங்கள் கிளப் ஆட்கள் ஆளுக்கொரு கைச்செட்டோடு, எங்கள் பேச்சில் 'ஹேண்டி'யோடு, தெருமுனை 'போஸ்ட்'களில் நிற்பார்கள். கோவில் திடல் நிரம்பிவிட்டதா, கூட்டத்தைத் தடுக்க எந்தத் தெருவில் கயிற்றைப் பிடிக்க வேண்டும், எதில் விட வேண்டும் என்று தொண்டர்களுக்குச் சொல்வது அவர்கள் வழியாகத்தான். அத்தனை பேரையும் ஒரே இடத்தில் இருந்து நடத்துகிறவர்தான் கன்ட்ரோல். இந்த வருடம் கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் அந்த நாற்காலி என்னுடையது. எங்கள் கிளப்பில் அதில் உட்கார்ந்த முதல் பெண் நான்.

அதைப் பறிக்க ஒரே ஒரு விதி போதும். லைசென்ஸ் இல்லாதவரைத் தன் செட்டில் பேச விட்டவருக்கு அந்தத் திருவிழாவில் நாற்காலி கிடையாது. விதியைப் போட்டவர் கிளப் செயலாளர் ராமானுஜம் சார், மயிலாப்பூர்க்காரர். போன வருடம் கன்ட்ரோலாக இருந்த கிஷோரின் ஹேண்டியில் அவன் மச்சான் இரண்டு வரி பாட்டுப் பாடினான். கிஷோர் அன்றே கன்ட்ரோலில் இருந்து இறங்கினான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால் கூடவே ஒரு கால்சைன் தருவார்கள். கொஞ்சம் எழுத்து, ஓர் எண். உலகத்தில் அந்தப் பெயர் ஒருவருக்கு மட்டும்தான். பேசும்போதெல்லாம் அதைச் சொல்லியாக வேண்டும், வி என்றால் விக்டர், யு என்றால் யூனிஃபார்ம் என்று எழுத்துக்கு ஒரு சொல்லாக. சொல்லாமல் பேசுகிறவனைத் திருடனைப் பார்ப்பதுபோலத்தான் எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள்.

என் கால்சைன் வந்த அன்று அம்மாவிடம் காட்டினேன். அம்மா லூர்துமேரி, மீன் விற்கிறவள். செதில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "கோயில்ல தண்ணி ஊத்தி ஜெனிதான்னு பேரு வெச்சோம். அது பத்தலன்னு கெவுருமெண்டுல போயி இன்னொரு பேரு வாங்கிக்கினு வந்துக்கீறா. பேசறதுக்கு யாருனா பரீட்ச எழுதுவாங்களா? நானும் மார்க்கெட்ல வாய் வலிக்கப் பேசறேன், எனக்கு எவன் மார்க் போட்டான்?"

சரி, கொடியேற்ற நாளுக்கு வருகிறேன். கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் கூடாரம். மேசைமேல் என் பெரிய செட், கார் பேட்டரி, கூடாரத்துக்கு மேலே உயரக் கம்பத்தில் ஆன்டெனா. மதியமே பார்த்தேன், உபரி ஹேண்டியை அணைக்காமலே வீட்டில் சார்ஜரில் விட்டுவிட்டேன். போன் வேலை செய்துகொண்டிருந்த நேரம் என்பதால் அம்மாவைக் கூப்பிட்டு, சோற்றோடு அதையும் கொண்டுவரச் சொன்னேன். "பட்டன் ஒண்ணையும் தொடாதம்மா" என்றேன். "நான் எதுக்குடி அத்த தொடப்போறேன்" என்றாள்.

சாயந்திரம் திடல் நிரம்பத் தொடங்கியது. கொடியேற இன்னும் கொஞ்ச நேரம். பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற கிஷோரிடம் கயிற்றைப் பிடிக்கச் சொல்ல வேண்டிய நேரம் நெருங்கியது. அப்போதுதான் என் ஸ்பீக்கரில் எல்லாக் குரலும் ஒரேயடியாகக் காணாமல் போயின. அதற்குப் பதிலாகத் துணி உரசுவதுபோல ஒரு சரசரப்பு. நடுநடுவே ஏதோ பாத்திரம் டங் டங் என்றது. செட்டின் முகப்பில் சிக்னல் கோடுகள் முழுசாக ஏறி நின்றன.

பின்னால் நின்ற ராமானுஜம் சார் உடனே முன்னால் வந்தார்.

"உன் செட்டுலதாம்மா கோளாறு. உள்ள ஏதோ ஒட்டிண்டிருக்கு. நீ எழுந்துக்கோ, என் செட்டைப் போட்டு நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. செட்டைப் பார்க்காமலே தீர்ப்பா? நான் எழுந்திருக்கவில்லை. செட்டின் பின்னால் கைவிட்டு ஆன்டெனா வயரைக் கழற்றினேன். சரசரப்பு நின்றது. மாட்டினேன். திரும்ப வந்தது.

"கோளாறு செட்டுல இருந்தா வயரைக் கழட்டினாலும் கேக்கணும் சார். இது வெளியில இருந்து வருது. யாரோ பட்டனை அழுத்தினபடியே விட்டுட்டாங்க."

அவர் தலையாட்டினார். எங்கள் சங்கடம் அவருக்கும் விளங்கிவிட்டது. ஒரு ஹேண்டியில் பேசும் பட்டன் அழுந்தியே கிடந்தால் அந்த சேனலில் வேறு யாரும் பேச முடியாது. பட்டன் அழுந்தியிருக்கும் வரை அந்த ஹேண்டிக்குக் காதும் கேட்காது. நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த ஆளுக்குத் தெரியப்போவதில்லை.

என்னிடம் இருந்த ஹேண்டியின் ஆன்டெனாவைத் திருகி எடுத்தேன். அப்படியும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் ஆள் பக்கத்தில்தான் எங்கேயோ. ஹேண்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து மெல்லச் சுற்றினேன். நம் உடம்பே சுவர் மாதிரி மறைக்கும். எந்தப் பக்கம் முதுகைக் காட்டும்போது சத்தம் மங்குகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள். எலியட்ஸ் பீச் பக்கம் முதுகைத் திருப்பியபோது மங்கியது. பீச்சைத் தாண்டினால் எங்கள் குப்பம்.

அங்கே என் உபரி ஹேண்டி. அதற்குள் ஸ்பீக்கரில் குரலே வந்துவிட்டது.

"ஒரு மெழுகுவத்தி இன்னா வெல சொல்ற நீ? மாதா கேட்டாங்களா உன்கிட்ட லாபத்த?"

என் அம்மா. சந்தேகமே இல்லை. ஒயர் கூடையில் ஹேண்டியைப் போட்டு அதன்மேல் டிபன் கேரியரை வைத்திருக்கிறாள். கேரியர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறது. இப்படி ஆகக் கூடாது என்றுதான் மூன்று நிமிடத்துக்குமேல் அழுத்தினால் தானாக நின்றுவிடும் வசதி ஹேண்டியிலேயே உண்டு. காலையில் நீளமாகப் பேசிப் பார்த்தபோது நடுவில் நின்று எரிச்சல் மூட்டியது என்று அதை நானே நிறுத்தி வைத்திருந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அம்மாவுக்கு வழியில் யாரோ தெரிந்தவள் கிடைத்துவிட்டாள்.

"பொண்ணா? நல்லா கீறா. பொழுதன்னிக்கும் ஒயருதான். மாடில கம்பிய நட்டு வெச்சுக்கீறா, ஒரு பொடவ காயப்போட எடமில்ல. பாக்க வந்த மாப்ள வூட்டுக்காரன் கம்பியப் பாத்துட்டு, கேபிள் டிவி நடத்துறீங்களான்னு கேக்கறான்!"

தெருமுனைக்குத் தெருமுனை எங்கள் ஆட்கள் கையில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் மானம் கப்பலேறி எலியட்ஸ் பீச்சைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு நிம்மதி. அது யார் குரல் என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

திடல் பக்கத்தில் இருந்து ஒரு தொண்டர் ஓடிவந்தார். "இனிமே ஆள் விட்டா தாங்காதுக்கா, நிறுத்தச் சொல்லுங்க!"

வெட்கத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம் என்று மைக்கை எடுத்தேன். எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே சேனலில் பேசினால் பலமான சிக்னல்தான் கேட்கும், மற்றது அதற்கடியில் அமுங்கிப்போகும். அம்மாவின் ஹேண்டியோ கூடைக்குள், அதுவும் இடுப்பு உயரத்தில். என் ஆன்டெனா கூடாரத்துக்கு மேலே. இதுவரை பேட்டரியை மிச்சம் பிடிக்கக் குறைந்த பவரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கடைசி வரைக்கும் ஏற்றினேன்.

"அம்பது வாட்ஸா? பேட்டரி தாங்குமா?" என்றார் ராமானுஜம் சார்.

"ரெண்டு வாட்டி சொல்றதுக்குத் தாங்கும் சார்."

முதலில் கால்சைன், பிறகு செய்தி. "எல்லா போஸ்டும் ரெண்டாவது சேனலுக்கு வாங்க. கிஷோர், கயிறைப் பிடி. திடல் நிறைஞ்சாச்சு." நிறுத்தி, நிதானமாக, இன்னொரு முறையும் சொன்னேன். பிறகு நானும் இரண்டாவது சேனலுக்கு மாறிக் காத்திருந்தேன்.

முதலில் கிஷோர் வந்தான். "கன்ட்ரோல், கயிறு பிடிச்சாச்சு. கூட்டம் நிக்குது." அவனைத் தொடர்ந்து ஒவ்வொருவராகக் கால்சைன் சொல்லி வந்தார்கள். ஒரு போஸ்டுகூட விட்டுப்போகவில்லை. ராமானுஜம் சார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பேஷ்!" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் சுலபத்தில் வராது. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அம்மா எதுவரை வந்தாள் என்று தெரிந்துகொள்ள ஹேண்டியை மட்டும் பழைய சேனலிலேயே வைத்திருந்தேன். தடுப்புக்கு அருகில் வந்துவிட்டாள் போல. ஒரு பெண் போலீஸின் குரல் கேட்டது.

"யம்மா, இப்படி வராத. சுத்திப் போ."

"சுத்தி எங்க போறது? என் பொண்ணு உள்ள கீறா. சோறு எடுத்துக்கினு போறேன்."

"எல்லார் பொண்ணும்தான் உள்ள இருக்கு."

"எல்லார் பொண்ணும் ஒயர்லெஸ்ல பேசுதா? உன் கையில கீற செட்டு கெவுருமெண்டு குடுத்தது. என் பொண்ணு செட்டு அவ சம்பாரிச்சு வாங்கினது. பரீட்ச எழுதி பாஸ் பண்ணிக்கீறா. உள்ள போயி கேளு, விக்டர் யூனிஃபார்ம் த்ரீ யாருன்னு."

அதோடு அவள் நிறுத்தவில்லை. மீதி மூன்று எழுத்தையும் அந்தந்த எழுத்துக்குரிய சொல்லோடு, கடைசி ஜூலியட் வரைக்கும், ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னாள். தினமும் விடியலில் மாடியில் நின்று செட்டில் பேசும்போது நான் எங்கே நிறுத்துவேனோ அங்கேயே நிறுத்தினாள். கீழே செதில் தேய்த்துக்கொண்டு, காதில் விழாததுபோல இருந்துவிட்டு, எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறாள்.

"அந்தப் பேரு உலகத்துலயே அவ ஒருத்திக்குத்தான். உன் பேர்ல எத்தினி பேரு கீறாங்கன்னு எண்ணிப் பாரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

ராமானுஜம் சார் என் ஹேண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அது உன் கால்சைன்தானே?"

"ஆமா சார். பேசறது எங்கம்மா. செட்டு என்னோடது."

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, மெதுவாகச் சொன்னார். "எல்லாரும் ரெண்டாவது சேனலுக்குப் போயிட்டா. கால்சைனைக் கேட்டது நாம ரெண்டு பேர்தான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்னு வெச்சுக்கோ. தேர் வரைக்கும் நீ இருந்தா நன்னாயிருக்கும்."

விதியைப் போட்ட மனிதரே கண்ணை மூடிக்கொள்கிறேன் என்கிறார். ஆசையாகத்தான் இருந்தது. தேரன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன்! ஆனால் அவ்வளவு கூட்டத்தில், ஒரு போலீஸ்காரியின் முகத்துக்கு நேராக, என் பெயரை என் அம்மா தலைநிமிர்ந்து சொல்லியிருக்கிறாள். அது என் செட் இல்லை என்பதுபோல நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

"எனக்குக் காது நல்லாக் கேக்குது சார்" என்றேன்.

அம்மா வியர்க்க வியர்க்கக் கூடையோடு உள்ளே வந்தாள். கேரியரைத் தூக்கியதும் பட்டன் விடுபட்டது. முதல் சேனல் காலியானது. எல்லா போஸ்டையும் அதற்கே திரும்பக் கூப்பிட்டேன். அம்மா கூடையில் கொண்டுவந்த அந்த ஹேண்டியையே எடுத்துப் பேசினேன்.

"இவ்வளவு நேரம் இந்த சேனலை அடைச்சது என் செட்டு. பேசினது எங்கம்மா லூர்துமேரி, ஊரூர் குப்பம். தப்பு என் மேல." பிறகு கால்சைனை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடித்தேன். அம்மா சொன்ன அளவுக்கு அழகாக வரவில்லை.

ராமானுஜம் சார் பெருமூச்சு விட்டார். "கொடி ஏறட்டும். அப்புறம் கிஷோரை வரச் சொல்லி மைக்கைக் குடு."

கொடி ஏறியது. "மரியே வாழ்க!" என்ற சத்தத்தில் கூடாரத் துணியே அதிர்ந்தது. பஸ் ஸ்டாண்டு முதல் கோவில் வாசல் வரை ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல் கூட்டம் நின்றது. கிஷோர் வந்ததும் மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அம்மாவும் நானும் திரும்பி நடக்கும்போது வெயில் இறங்கியிருந்தது. தடுப்பருகே நின்ற பெண் போலீஸ் என் தோளில் தொங்கிய ஹேண்டியைப் பார்த்து, "ஏம்மா, விக்டர் யூனிஃபார்ம் நீதானா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் தள்ளி மெழுகுவர்த்தி விற்கிறவன், "தோ, விக்டர் வருது பாரு!" என்று பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டான். தடுப்பருகே அம்மா போட்ட சத்தம் கடைகள் வரைக்கும் போயிருக்கிறது.

"உன்னாலதான் நாற்காலி போச்சு, தெரியுமா?" என்றேன்.

அம்மா காலிக் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"நாற்காலிதான? போட்டவன் எடுத்துக்கினான். அந்தப் பேர எவன் எடுப்பான்?"