இரண்டாவது வெடி

எனக்கு வாய் நீளம். காலையில் கண் விழித்தால் படுக்கும்வரை ஓயாது. அந்த வாயை அடக்கத் தெரிந்த ஒரே ஆள் என் அண்ணி. அதுவும் காப்பிக்கொட்டை வறுக்கும்போது மட்டும்.

எங்கள் வீட்டில் பச்சைக் கொட்டை வாங்கி, வாணலியில் வறுத்து, கையால் சுற்றுகிற மிஷினில் அரைத்துத்தான் காப்பி. அண்ணி கண்ணால் பார்த்து வறுக்க மாட்டாள்; காதால் வறுப்பாள். முதலில் கொட்டை படபடவென்று வெடிக்கும். கொஞ்சம் பொறுத்தால் இரண்டாவது வெடி, சன்னமாக, சொடசொடவென்று வரும். அது தொடங்கியதுமே தட்டில் கொட்டிவிட வேண்டும். தாமதித்தால் கரிதான். அதனால் முதல் வெடி அடங்கியதும் கரண்டியைத் தூக்கி என் பக்கம் ஆட்டுவாள். நான் கப்சிப்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சமையலறைத் தரையில் மிஷினை மடியில் இடுக்கிக்கொண்டு, நான் வேலை பார்க்கிற இஸ்திரிக் கடைக்கு வரும் ஒரு சீமாட்டியின் பவிசை அளந்துகொண்டிருந்தேன். அண்ணிக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது. முந்தின நாள் அண்ணன் விட்ட அறை. சட்டையில் பொத்தான் இல்லையாம். லாரி ஓட்டுகிறவன், ஸ்டியரிங் பிடிக்காத நேரத்தில் அவன் கைக்குப் பெண்டாட்டி கன்னம் வேண்டும். நாசமாய்ப் போக! அவனுக்குத் தங்கச்சி என்று சொல்லவே வாய் கூசுகிறது.

முதல் வெடி வந்து அடங்கியது. கரண்டி மேலே வரவில்லை. நானும் பேசிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வெடி எனக்கே கேட்டது. அண்ணி பாட்டுக்குக் கிளறிக்கொண்டு நின்றாள். புகை கிளம்பிய பிறகுதான் பதறி அடுப்பை அணைத்தாள்.

"அண்ணி, வெடிச்சது கேக்கலையா?"

அவள் வலது காதை என் பக்கம் திருப்பினாள். "என்ன சொன்ன?"

வாணலிப் பக்கம் அவள் எப்போதும் சாய்க்கிற காது இடது காது. அது போயிருந்தது.

"அவருகிட்ட சொல்லிடாத. எந்திரிச்சிட்டாரு. இதையே அரை, பால ஜாஸ்தி ஊத்திச் சமாளிச்சிடலாம்."

அரைத்தேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வடித்தாள். அண்ணன் சமையலறைக்கே வந்து வாங்கி ஒரு வாய் குடித்தான். மிச்சத்தை அப்படியே அவள்மேல் வீசினான். கழுத்திலிருந்து முழங்கை வரை சிவந்துபோயிற்று.

"கரியக் கரைச்சா குடுக்கற? காது என்ன செவிடா?"

"ஆமாடா, செவிடுதான்! நேத்து நீ அடிச்ச அடியில!" என்று கத்தினேன்.

அவன் சிரித்தான். "அப்ப இன்னொண்ணு மட்டும் எதுக்கு?"

இந்தத் தடவை இடது கையை ஓங்கினான். அண்ணி முகத்தை மறைக்கவில்லை. வலது காதை மட்டும் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு அண்ணனாவது, தம்பியாவது! மிஷினின் இரும்புக் கைப்பிடி கழன்று வரும். அதை உருவி, ஓங்கிய மணிக்கட்டில் போட்டேன் ஒரு போடு. நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி தூக்குகிற கை என்னுடையது. எலும்பு மளுக்கென்றது. அலறிக்கொண்டே மற்றக் கையால் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். முழங்காலைப் பார்த்து இன்னொன்று போட்டேன். மடிந்து விழுந்தான். எழப் பார்த்தபோது அவன் முகத்துக்கு நேரே சூடு ஆறாத அந்த இரும்பு வாணலி இருந்தது. பிடித்திருந்தவள் அண்ணி.

"கிட்ட வந்தா மூஞ்சியிலயே வெச்சிடுவேன்."

அவள் அவனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவனும்தான். கையைத் தாங்கிக்கொண்டு, நொண்டி நொண்டி, ஆஸ்பத்திரிக்குப் போனான். நான் கதவைத் தாழிட்டேன்.

அண்ணி அப்போதுதான் வாணலியைக் கீழே வைத்தாள். "திரும்பி வந்தா என்னடி பண்றது?"

"வரட்டும். இன்னொரு கை மிச்சம் இருக்கில்ல?"

வெந்த கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அண்ணி மறுபடி கொட்டையை வாணலியில் போட்டாள். முதல் வெடி அடங்கியது. பழக்கதோஷம், நான் வாயை மூடிக்கொண்டேன். அண்ணி கரண்டிக் காம்பால் என் தோளில் இடித்தாள்.

"ஏண்டி ஊமையாட்டம் நிக்கற? நீ சொன்னாத்தானே நான் எறக்க முடியும்?"

சொடசொடவென்றது.

"எறக்குங்க அண்ணி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.