தொழுவத்துச் சுவர்

வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவருக்குப் படம் வரைய யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குப் போகிற வழியில் கண்ட தானியக் கொட்டகை, பாசி பிடித்த கூரை, சரிந்த வேலி எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்து வரைந்து தானாகக் கையைப் பழக்கிக்கொண்டார்.

அக்கா வீட்டு மாட்டுத் தொழுவத்தின் மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். மாலை வெயில் அதில் விழும் நேரம் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். படம் பாதியில் இருந்தபோது, மறுநாள் கொத்தனார் வந்து சுவரை இடித்துக் கட்டப்போவதாக அக்கா சொன்னாள்.

“ரெண்டே வாரம் பொறுத்துக்கோக்கா. இடிச்சிட்டா என் படம் போச்சு.”

தம்பி கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. கணவரிடம் சொல்லாமலே கொத்தனாரை வர வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். பத்தாம் நாள் அடைமழை. மாடுகளை அவிழ்த்துவிட உள்ளே போன மாமாவின் காலில் சுவர் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

மூன்று மாதம் கழித்து, நூலக மண்டபத்தில் அந்தப் படம் மாட்டப்பட்டது. அந்த விரிசல்தான் படத்துக்கு உயிர் என்றார் ஒரு ஓவிய ஆசிரியர். பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்ற மாமா, போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் மச்சான் வரைந்தது என்று சொல்லி மாய்ந்துபோனார். பிறகு குரலைத் தாழ்த்தி, சொன்ன நாளில் கொத்தனார் வந்திருந்தால் கால் தப்பித்திருக்கும் என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அக்காதான் வர வேண்டாமென்றாள் என்று அந்தக் கொத்தனார் புளுகினானாம். அக்காவோ அப்படிச் சொல்லவே இல்லை என்றாளாம். கடைத்தெருவில் வைத்து அவனை நாறடித்துவிட்டாராம்.

கூட வந்திருந்த அக்கா தரையைப் பார்த்தாள். படத்தைப் பாராட்டி ஒருவர் மீட்டர்காரருக்குக் கைகொடுத்தபோது, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

மறுநாள் காலை மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாமா கட்டுப்போட்ட காலைத் தடவினார்.

“உங்கக்காகிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன். நீ முதல்ல அந்தக் கொத்தனாரைப் போய்ப் பாரு. நாலு பேர் முன்னாடி அவனைப் பொய்யன்னுட்டேன்.”

கொத்தனார் ஒரு வீட்டுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார். இவர் உண்மையைச் சொன்னதைக் கலவையைக் கிளறியபடியே கேட்டுக்கொண்டார், நிமிரவில்லை.

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? வர வேண்டாம்னு சொன்னது என்கிட்டத்தானே, எனக்குத் தெரியாதா? கடைத்தெருவுல வந்து சொல்லுங்க.”

சாயங்காலம் கடைத்தெருவில், கூட்டம் சேர்ந்திருந்த இடத்தில் போய் நின்று, கொத்தனார் சொன்னது உண்மை, தடுக்கச் சொன்னது தான்தான் என்று சொன்னார். முழுக்கச் சொல்லி முடித்தார். கேட்டுக்கொண்டிருந்த மளிகைக்காரர், இனி உங்கள் கணக்கை எப்படி நம்புவது, அடுத்த மாதம் மீட்டர் பார்க்க வேறு ஆள் வருவாரா என்று கேட்டார்.